மழையின் அளவோடு அது பெய்த நேரத்தையும் வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழைக் காலத்தில் தங்கள் நாளிதழ் நாள்தோறும் வெளியிடும் மழை அளவுப் பட்டியலைத் தவறாமல் படித்துவரும் வாசகன் என்ற முறையிலும், உள்மாவட்டம் ஒன்றிலும் பின்னர் கடலோர மாவட்டம் ஒன்றிலும் புவியியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தப் பட்டியலில் ஊரின் பெயர் இருக்கிறது, சென்டிமீட்டர் அளவு இருக்கிறது. மழை எந்த நேரத்தில் பெய்தது என்பது மட்டும் இல்லை. அதையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஒரே நாள் பட்டியலில் நாகப்பட்டினத்துக்கும் தருமபுரிக்கும் 6 செ.மீ. என்று ஒரே அளவு அச்சாகியிருப்பதாகக் கொள்வோம். நாகப்பட்டினத்தில் அம்மழை பெரும்பாலும் நள்ளிரவு கடந்து விடியும் வரை பெய்திருக்கும். தருமபுரியில் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் இடியுடன் இறங்கி, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்திருக்கும். முன்னதில் மக்கள் உறக்கத்தில் இருந்தார்கள். பின்னதில் வயலிலும் சந்தையிலும் பள்ளி வாசலிலும் இருந்தார்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டு மழைகளும் வெவ்வேறு காரணங்களால் உருவானவை. வெவ்வேறு ஆயத்தங்களைக் கோருபவை. பட்டியலைப் படிப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரிய வழியில்லை.

இந்நிலைக்குத் தங்கள் நாளிதழைக் குறை சொல்ல முடியாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணிக்கு மழைமானியில் உள்ள நீரை அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையாக அதைப் பதிவு செய்கிறது. நம் நாட்டில் காலை 8.30 மணி என்பது கிரீன்விச் நேரப்படி அதிகாலை 3 மணி. உலக நாடுகள் தம் அளவீடுகளை ஒப்பிட்டுக்கொள்ள இத்தகைய பொது நேரம் தேவை. சென்னையில் 1792ஆம் ஆண்டு வானாய்வகம் அமைந்தது. அங்கு 1796 முதல் வானிலைப் பதிவுகள் இருக்கின்றன. இவ்வளவு நீண்ட மரபுக்குச் சொந்தமான துறையின் நாள் கணக்கு முறை மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு முறை கடலோரத்துக்கு மட்டும் இழைக்கும் ஒரு குறையை எடுத்துச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் கடலோர மழை வலுப்பது விடியற்காலையில். அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி முற்பகல் 11 மணி வரை இடைவிடாமல் பெய்த ஒரே மழையை 8.30 மணி என்னும் கோடு இரண்டாக வெட்டிவிடுகிறது. ஒரு பாதி இன்றைய கணக்கிலும் மறுபாதி நாளைய கணக்கிலும் சேர்கின்றன. தெருவில் இடுப்பளவு தண்ணீரைப் பார்த்த குடியிருப்பாளர், மறுநாள் நாளிதழில் 7 செ.மீ. என்றும் அதற்கடுத்த நாள் 6 செ.மீ. என்றும் படித்து, அளவையே சந்தேகிக்கிறார். உள்மாவட்டத்தின் மாலை மழைக்கு இந்தச் சங்கடம் நேர்வதில்லை. அது மாலையில் தொடங்கி முன்னிரவில் முடிந்து, முழுமையாக ஒரே கணக்கில் அடங்கிவிடும்.

கடலோரத்துக்கு விடியலிலும் உள்மாவட்டங்களுக்கு மாலையிலும் மழை என்பது தற்செயலாக அமைந்த வேறுபாடு அன்று. நிலம் விரைவில் சூடேறி விரைவில் ஆறுகிறது. கடல் இரண்டிலும் மெதுவானது. நவம்பர் மாதத்தில் வங்கக் கடலின் மேற்பரப்பு இரவிலும் பகலிலும் ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸிலேயே நிற்க, கடலோர நிலமோ இரவு ஏற ஏறக் குளிர்ந்துகொண்டே போகிறது. விடியலுக்குச் சற்று முன்பு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகுதியாகிறது. அப்போது குளிர்ந்த நிலக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. எதிரே ஈரப்பதம் சுமந்த வடகிழக்குக் காற்று வருகிறது. கரைக்கு அருகிலேயே இவை இரண்டும் மோதுமிடத்தில் காற்று மேலெழும்பி மேகங்கள் திரள்கின்றன. வடகிழக்குக் காற்று அவற்றைக் கரைக்குள் தள்ளுகிறது. இரவில் மேகத்தின் உச்சி தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து குளிர்கிறது. அடிப்பகுதியோ வெதுவெதுப்பான கடல்மேல் நிற்கிறது. மேலே குளிர்ச்சியும் கீழே வெப்பமுமாக இருக்கும் மேகம் நிலைகொள்ளாமல் மேலும் மேலும் வளர்கிறது. சூரியன் ஏறியதும் உச்சி சூடாகி அந்த வளர்ச்சி தணிகிறது. காலை பத்து மணி அளவில் மழை விட்டு, நண்பகலில் வெயிலே எட்டிப் பார்ப்பதையும், அன்றிரவு ஒரு மணிக்கு மீண்டும் மழை பிடித்துக்கொள்வதையும் கடலூர், காரைக்கால், வேதாரண்யம் பக்கத்து மக்கள் ஒவ்வோர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பார்க்கிறார்கள்.

உள்மாவட்டத்தில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. அங்கே மழையை எழுப்புவது நிலத்தின் பகல் வெப்பம். பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை சூடேறிய நிலத்திலிருந்து காற்று மேலெழுந்து, மலைச்சரிவு இருக்குமிடத்தில் இன்னும் எளிதாக ஏறி, மூன்று நான்கு மணிக்குள் கருமேகக் கோபுரங்களாகிறது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, கோவை, மதுரை ஆகிய மாவட்டங்களில் ஏப்ரல், மே மாதங்களின் கோடை மழையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் இடி மழையும் பெரும்பாலும் இந்த வழியிலேயே உருவாகின்றன. செய்திகளில் வெப்பச்சலன மழை என்று குறிப்பிடப்படுவது இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தில் துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழையும் பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வருவதுதான். ஆகவே, அதே வடகிழக்குப் பருவத்தில், அதே வாரத்தில், நாகப்பட்டினம் அதிகாலையிலும் கோட்டயம் மாலையிலும் நனைகின்றன. பருவத்தின் பெயர் ஒன்றாக இருப்பதனால் மழையின் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணக் கூடாது.

சென்னையின் நிலை இவ்விரண்டையும் கலந்தது. அதனாலேயே அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மழை மறைவுப் பகுதி என்று பாடநூல்களில் படித்தாலும், சென்னை தன் ஆண்டு மழையான சுமார் 140 செ.மீ.யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் பெறுகிறது. அம்மழையில் பெரும்பகுதி மாலைக்குப் பிறகும் இரவிலும் பெய்வது. நண்பகல் அளவில் கரையேறும் கடற்காற்று நகரைக் குளிரச் செய்துவிடுவதால், பிற்பகலில் நகரின் மேல் மேகம் திரள்வதில்லை. ஆனால் அக்கடற்காற்றின் முன்விளிம்பு உள்நாட்டுக்குள் சென்று, எதிரே வரும் வெப்பமான மேற்குக் காற்றோடு மோதுமிடத்தில் மேகம் எழுகிறது. ஜவ்வாது மலை, வேலூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் மாலையில் பிறக்கும் இடிமேகங்கள் மேலடுக்கு மேற்குக் காற்றால் கிழக்கே தள்ளப்படுகின்றன. அவை பொழியும் மழையால் குளிர்ந்த காற்று கீழிறங்கி முன்னே பரவி, வழியில் புதிய மேகங்களைக் கிளப்புகிறது. இவ்வாறு ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டு காஞ்சிபுரம், திருவள்ளூர் வழியாக அவை சென்னைக்கு வந்து சேர இரவு எட்டு, ஒன்பது மணி ஆகிவிடும். சில நாள்களில் நள்ளிரவும் தாண்டும். அக்டோபர் பிற்பகுதியில் காற்றின் திசை மாறியதும் அதே நகரின் மழை நேரமும் மாறி விடியலுக்கு நகர்கிறது. 2023 ஜூன் 18 இரவு தொடங்கி 19 காலை வரை மீனம்பாக்கத்தில் சுமார் 16 செ.மீ. பெய்தது மேற்கிலிருந்து வந்த இரவு மழை. 2021 நவம்பர் 6 இரவிலிருந்து 7 காலை வரை நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. கொட்டியது கடலிலிருந்து வந்த மழை. பட்டியலில் இரண்டும் வெறும் எண்களாகவே நின்றன.

பதிவு மழைமானியின் தாளைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நேரத்தின் அருமை நன்கு விளங்கும். அக்கருவியில் மழைநீர் சேரும் கலத்துக்குள் ஒரு மிதவை இருக்கும்; மிதவை உயர, அதனோடு இணைந்த பேனா முனை, சுழலும் உருளையில் சுற்றிய கட்டமிட்ட தாளில் மேல்நோக்கிக் கோடிழுக்கும். பத்து மில்லிமீட்டர் நிரம்பியதும் நீர் தானாக வடிந்து, பேனா செங்குத்தாக அடிக்கோட்டுக்கு இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கும். மே மாதத்து உள்மாவட்டத் தாளில் மாலை ஐந்து மணி வரை கோடு தரையோடு தரையாகக் கிடக்கும்; பிறகு அரை மணி நேரத்துக்குள் ஏறி விழுந்து, ஏறி விழுந்து, மூன்று நான்கு முறை உச்சியைத் தொட்டுவிட்டு, ஏழு மணிக்கு மேல் மீண்டும் அசையாமல் படுத்துவிடும். நவம்பர் மாதத்துக் கடலோரத் தாளில் பகல் முழுவதும் வெறும் கோடாக இருந்து, நள்ளிரவுக்குப் பின் சாய்ந்த ஏற்றம் தொடங்கி, விடியலில் செங்குத்தாகும். அத்தாளும் காலையில் மழை அளவெடுக்கும் வேளையிலேயே மாற்றப்படுவதால், மழை வலுத்துக்கொண்டிருக்கும்போதே தாள் முடிந்துபோவதும் உண்டு. மாணவர்களிடம் இவ்விரண்டு தாள்களையும் கொடுத்து, ஊரின் பெயரைச் சொல்லாமலேயே எது கடலோரத்துத் தாள் என்று கேட்பேன், காரணத்தோடு சொல்லிவிடுவார்கள். இன்று தானியங்கி மழைமானிகள் அதே விவரத்தை மணிக்கணக்கில், அதற்கும் குறைந்த இடைவெளியிலும்கூட, அனுப்பிக்கொண்டிருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடார் மேகம் எப்போது எங்கே இருந்தது என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை காட்டுகிறது. விவரம் இல்லாமல் இல்லை. அது வாசகரிடம் வந்து சேரவில்லை.

இந்த நேர ஒழுங்குக்கு விலக்குகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். புயலும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியபோதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து நகராமல் நின்று புதுச்சேரியை மூழ்கடித்தபோதும், இரவு பகல் வேறுபாடின்றி மழை பெய்தது. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் பிற்பகலில் தொடங்கி இரவு வரை எதிர்பாராத கனமழை பெய்ததும் பலருக்கு நினைவிருக்கும். பணி முடித்து வீடு திரும்பும் நேரம் அது. சுரங்கப்பாதைகள் மூடப்பட்டு, வாகனங்கள் நகர முடியாமல், அலுவலகத்திலிருந்து புறப்பட்டவர்கள் நடுச்சாலையில் மணிக்கணக்கில் நின்றார்கள். அதே ஆண்டு நவம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை. அன்று மக்கள் கண் விழித்தபோது வீட்டுக்குள் தண்ணீர் இருந்தது. இரண்டுமே பெருமழைகள், ஆனால் பட்ட துன்பத்தின் தன்மையை முடிவு செய்தது பெய்த நேரம். விலக்கான நாள் எது என்பதை அறிந்துகொள்ளவும் வழக்கமான நேரம் எது என்பது மக்கள் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். நாளிதழின் பட்டியலே அதைப் பதியவைக்கக்கூடியது.

பள்ளி விடுமுறையைப் பற்றி ஆண்டுதோறும் எழும் விவாதத்திலும் இந்த அறிவு பயன்படும். கடலோர மாவட்டங்களில் ஆட்சியர்கள் காலை ஆறு மணிக்கு மழையைப் பார்த்து விடுமுறை அறிவிக்கிறார்கள். பத்து மணிக்கு வெயில் வந்ததும், தேவையில்லாத விடுமுறை என்று பலர் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இப்பேச்சு நியாயமன்று. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் மழை தன் உச்சத்தில் இருந்தது. அது தணிந்ததும் அந்தப் பருவத்தில் கடலோர மழையின் இயல்புப்படிதான். உள்மாவட்டங்களின் தேவையோ வேறு. அங்கே காலையில் வானம் தெளிவாக இருக்கும். இடரெல்லாம் பள்ளி விடும் நான்கு, நான்கரை மணிக்கு. அங்கு வேண்டியது காலை விடுமுறையைவிட, கருமேகம் திரளும் நாளில் பிள்ளைகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புவதா, மழை ஓயும் வரை வகுப்பறையிலேயே வைத்திருப்பதா என்பது குறித்த தெளிவான நடைமுறை. மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதிரியான விடுமுறை விவாதம் நடத்துவதால் உள்மாவட்டப் பிள்ளைகளின் இந்தத் தேவை கவனிக்கப்படாமலே போகிறது.

இடி மின்னல் சாவுகளைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். வயலில் களையெடுப்போரும் ஆடு மேய்ப்போரும் நூறு நாள் வேலைக்குச் செல்வோரும் வெட்டவெளியில் நிற்கும் பிற்பகல் நேரமும், உள்மாவட்டங்களில் இடிமேகம் முதிரும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. மரணச் செய்தியை ஒரு பக்கத்திலும் மழை அளவை இன்னொரு பக்கத்திலும் வெளியிடுகிறோம். கடந்த வாரம் முழுவதும் இவ்வட்டாரத்தில் மூன்று மணிக்கு மேல்தான் இடி இறங்கியிருக்கிறது என்று பட்டியலே சொல்லுமானால், கண்காணியோ நிலத்துக்காரரோ வேலையைக் காலையில் முன்கூட்டித் தொடங்கி மதியத்தோடு முடித்துக்கொள்ள அது ஒரு காரணமாகும்.

டெல்டா உழவர்களுக்கு இந்நேரம் காசுக் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடையது. குறுவை அறுவடை செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 விழுக்காடு. மழைக் காலத்தில் தளர்வு கேட்டு ஆண்டுதோறும் கோரிக்கை எழுவதைத் தங்கள் நாளிதழே விரிவாக வெளியிட்டுவருகிறது. நெல்லைச் சாலையோரத்தில் கொட்டிக் காயவைப்பவருக்குத் தார்ப்பாயை எப்போது விரிப்பது, எப்போது எடுப்பது என்பதே அன்றாடக் கவலை. செப்டம்பரில் அவருக்கு வருவது மேற்கிலிருந்து வரும் மாலை, முன்னிரவு இடி மழை; பிற்பகலில் மேற்கே பார்த்தால் அறிகுறி தெரிந்துவிடும். காற்று கொண்டலுக்கு, அதாவது கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு, மாறியபின், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், கீழ்வேளூர் பக்கங்களில் மழை நள்ளிரவுக்கு மேல் வருகிறது. மாலையில் நட்சத்திரம் தெரிகிறதே என்று நம்பி நெல்லை மூடாமல் படுத்தவர், விடியலில் முளைவிடத் தயாரான நெல்லைத்தான் அள்ளுகிறார். ஒரே அறுவடைக் காலத்துக்குள், ஒரே வயலுக்கு, மழையின் நேரம் இப்படி மாறிவிடுகிறது. மூத்த உழவர்களுக்கு இது தெரியும். ஆனால் இன்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் காத்துக் கிடப்பவர்களில் பலர் வெளியூர்ச் சுமைப்பணியாளர்களும், குத்தகைக்கு அண்மையில் வந்த இளைஞர்களும் ஆவர். கூரை போட்ட தளங்களும் போதிய உலர்த்தும் இயந்திரங்களும் வேண்டும் என்னும் கோரிக்கைக்கு இது மாற்று ஆகாது. அவை வரும் வரை, முந்தைய நாள்களில் மழை எத்தனை மணிக்குப் பெய்தது என்ற ஒரு வரி, ஒரு குவியல் நெல்லையாவது காப்பாற்றும்.

கான்கிரீட் தளம் போடுவோர், செங்கல் சூளை வைத்திருப்போர், அதிகாலையில் கடலுக்குப் புறப்படும் மீனவர், தாழ்வான பகுதிகளில் மோட்டார் வைத்து நீரிறைக்கும் நகராட்சிப் பணியாளர் என இன்னும் பலருக்கும் இது பயன்படும். அவற்றையெல்லாம் விரிக்க இங்கு இடமில்லை.

வானிலை மையம் தன் முன்னறிவிப்பில் மாலை, இரவு என்று நேரத்தைக் குறிப்பிடுவதும், அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையை மாவட்டவாரியாக வெளியிடுவதும் உண்மையே. ஆனால் கைபேசியில் வரும் மூன்று மணி நேர எச்சரிக்கை அந்த மூன்று மணி நேரத்தோடு மறக்கப்பட்டுவிடும். பெய்து முடிந்த மழையின் நேரத்தைத் தொடர்ந்து அச்சில் பார்த்துவருபவருக்குத் தன் ஊரின் மழைக்கு ஒரு வழக்கம் இருப்பது புலப்படும். எச்சரிக்கை வரும்போது அதை எடைபோடும் திறனும் அவருக்கு அமையும். மேலும், புவி வெப்பமடைவதால் மழையின் நேரமும் நகர்கிறதா என்னும் கேள்வி நாளை எழும்போது, ஊர்தோறும் மணி விவரம் கொண்ட பழைய நாளிதழ்க் கட்டுகள் பொதுமக்களின் கையில் உள்ள சான்றாக நூலகங்களில் இருக்கும்.

தங்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறிய மாற்றம். பட்டியலில் உள்ள எல்லா ஊர்களுக்கும் உடனே நேரம் தர இயலாது என்பதை அறிவேன். பல ஊர்களில் இன்றும் கையால் அளக்கும் மழைமானியே இருக்கிறது. எனவே தானியங்கிக் கருவி உள்ள சில ஊர்களுக்கு மட்டும் இவ்வாண்டு வடகிழக்குப் பருவத்தில் தொடங்கலாம். கடலோரத்துக்கு நுங்கம்பாக்கம், கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி. உள்மாவட்டங்களுக்கு வேலூர், சேலம், திருச்சி, கோவை, மதுரை என்று எடுத்துக்கொண்டு, மழை அளவுக்குப் பக்கத்தில் மழை வலுத்த நேரத்தை நள்ளிரவு 2 முதல் 6 வரை என்பதுபோல் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். காலை 8.30 மணிக்குப் பிறகும் அதே மழை தொடர்ந்திருந்தால், எஞ்சிய அளவு மறுநாள் கணக்கில் வரும் என்று அடியில் ஒரு குறிப்பும் இருக்கலாம். மாவட்டப் பதிப்புகள் தத்தம் வட்டாரத்துக்கு ஏற்ற ஊர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வானிலை மையத்தின் சென்னை அலுவலகத்திடம் தங்கள் செய்திப் பிரிவு முறையாகக் கேட்டால், இவ்விவரத்தை நாள்தோறும் பெறுவதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இருக்காது என்றே நம்புகிறேன். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பருவமழை தொடங்குவதாகக் கொண்டால், அதற்கு முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கடலூர் மாவட்டம்.